பாட்டுக்கும் முழுப்பேர் வேண்டும்

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகள் ‘என்ஜாய் எஞ்சாமி’க்கு ஆடினார்கள். எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்டோம். “இந்தியப் பாட்டு” என்றார்கள். பாதிதான் சரி.

2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டை எழுதிப் பாடியவர் அரக்கோணத்து அறிவு. கூடப் பாடியவர் தீ. இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை அனுப்பத் தீர்மானித்தார்கள். அப்படிப் போன சொந்தம் இல்லாத லயம் நம்மிடம் உண்டா?

இசையைக் கவனித்துக் கேளுங்கள். ஆட வைக்கும் தாளத்துக்குள்ளே ஒப்பாரியின் இழுப்பு கேட்கும். கேலி செய்து நாம் ஒதுக்கிய அதே குரலைத்தான் உலகம் கேட்டது.

நாம் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்கிறோம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால் உழைப்பே கணக்கில் இல்லை. பாட்டிலும் அதே கதைதான். 2021 ஆகஸ்டில் இந்தியச் சஞ்சிகை ஒன்று இந்தப் பாட்டைக் கொண்டாடிய அட்டையில் அறிவை விட்டுவிட்டது. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகே அவருக்கும் ஓர் அட்டை வந்தது. 2024இல், இந்தப் பாட்டால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

கரும்புத் தோட்ட அடிமைகளின் வழிவந்த ஜமேக்கா மக்களின் இசை ரெகே. அதன் பெரும் பாடகர் பாப் மார்லி. 1974இல் வந்த அவருடைய ‘நோ வுமன் நோ க்ரை’ பாட்டில், எழுதியவராக நண்பர் வின்சென்ட் ஃபோர்டின் பேர் இருக்கிறது. கிங்ஸ்டன் சேரியில் ஏழைகளுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்தவர் அவர். பேர் விழுந்தால் பங்குக் காசும் அந்தப் பேருக்கே போகும்.

நம் அம்மாயிமார் சாவு வீட்டிலும் மலையிலும் பாடிய பாட்டுக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் இல்லை. அவர்கள் போய்விட்டால் பாட்டும் போய்விடும். பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. அம்மாயியிடம் கேட்டுப் பதியுங்கள். அவர் பேர், தோட்டம், டிவிசன், தேதி எல்லாவற்றையும் முதலில் அவரையே சொல்லச் சொல்லுங்கள். சம்மதமில்லாமல் வெளியே போட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நாம் கொப்பியில் எழுதி வைப்போம்.

சம்பளத்தில் முழுப்பேர் கேட்கிறோம். பாட்டிலும் முழுப்பேரே கேட்போம்.