குடியரசும் ஜனநாயகமும்



ராஜா இல்லாத ஆட்சி குடியரசு. ஆனால் குடியரசு வந்ததாலேயே ஜனநாயகமும் வந்துவிட்டதாகக் கருதிவிடக் கூடாது. நார்வேயில் இன்றும் ராஜா இருக்கிறார். ஆயினும் அங்கு பெண்களுக்கு 1913லேயே ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை கிடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவோ 1961ல் இங்கிலாந்து ராணியை விலக்கிவிட்டுக் குடியரசாயிற்று. அதை முடிவு செய்த 1960ம் வருஷத்து ஓட்டெடுப்பில் வெள்ளையருக்கு மாத்திரமே ஓட்டு! பெரும்பான்மையோரான கறுப்பு மக்கள் ஓட்டுப் போட 1994 வரை போராட வேண்டியதாயிற்று.

பிறவியினால் ஒருவன் ராஜா என்பது அக்கிரமமானால், பிறவியினால் ஒரு கூட்டத்தார் எஜமானர் என்பது மாத்திரம் நியாயமாகுமா? ஆகையால் தோழர்களே! முடி இருக்கிறதா என்று மாத்திரம் பார்க்காதீர்கள். ஓட்டு யார் கையில் என்று கேளுங்கள். பிறவி உயர்வு ஒழியாத இடத்தில் குடியரசு என்பது வெறும் பெயரேயாகும்.