அட்டை இல்லாத மாயாவி என்ன விலை?

காட்டூர்ல இருந்து பேசுறேன். நேயர் ஒருத்தர் போட்டோ அனுப்பியிருந்தார். 1972-ல வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. அட்டை இல்லை, கடைசி ரெண்டு பக்கம் இல்லை, பின் துருப்பிடிச்சு தாள்ல ஓட்டை. கேட்ட விலை அவரோட ஒரு மாச வீட்டு வாடகை. "வாங்கலாமா ப்ரோ?"

கிழிசலுக்கு ஏன் இந்த விலை? நல்ல பிரதி மிஞ்சினதே அபூர்வம். சிவகாசியில மலிவான தாள்ல அச்சடிச்சது. வாடகை நூலகம், பள்ளிக்கூடப் பை, கடைசியில எடைக்கடைன்னு போயிடுச்சு. அமெரிக்காவுல 1938 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழுக்கும் இதே கதைதான். நல்லது கைக்கு எட்டாதவங்க எல்லாரும் கிழிசலைத் துரத்துறாங்க, அதுவும் ஏறுது.

கதைதான் வேணும்னா மறுபதிப்பே வந்தாச்சு. சின்ன வயசுல தொட்ட புத்தகம்னா வாங்குங்க, தப்பே இல்லை. முதலீடுன்னு மட்டும் வாடகைக் காசை எடுக்காதீங்க. இந்த விலையில பாதி, அம்பது வயசுக்காரங்களோட ஏக்கம். என் வயசுப் பசங்கள்ல பலருக்கு மாயாவி யாருன்னே தெரியாது, அப்புறம் யார்கிட்ட விப்பீங்க?

இன்னொண்ணு, கலர் ஜெராக்ஸ் அட்டை ஒட்டித் தர்றவங்களும் உண்டு. உள்தாள் பழுப்பா இருந்து, அட்டையோட உள்பக்கம் மட்டும் பளிச்னு வெள்ளையா இருந்தா, பேரம்கூட பேசாதீங்க.