வெட்டுப்புள்ளி கேட்காத வாசல்



உயர்தரம் எழுதிய காலத்தில் பல்கலைக்கழகம் என்றால் எங்களுக்கு வெட்டுப்புள்ளிதான். புள்ளி கிடைத்தவர்கள் உள்ளே போனோம். கிடைக்காத தோழிகள் அந்த வாசலைப் பிறகு ஏறிட்டும் பார்க்கவில்லை. நாங்களும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை.

1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1978இல் மருத்துவ பீடம் வந்தது. பெரியாஸ்பத்திரியே அதன் போதனா வைத்தியசாலை. “எங்கே நோகுது, எப்ப தொடங்கினது?” என்று பத்துப் பிள்ளைகள் மாறிமாறிக் கேட்க, முகம் சுளிக்காமல் பதில் சொன்ன அம்மாமார்தான் எங்களுக்கு வைத்தியம் படிப்பித்தார்கள். அவர்களிற் பலர் உயர்தரம் எழுதாதவர்கள். பட்டமளிப்பு மேடையில் அவர்களை நாங்கள் நினைத்தோமா?

பேராதனையில் பல் வைத்தியம் கற்பிக்கும் வைத்தியசாலையும் மிருக வைத்தியம் கற்பிக்கும் வைத்தியசாலையும் பொதுசனங்களுக்குத் திறந்தவை. கைதடியிலே சித்த மருத்துவம். ஆனால் “அது படிச்ச ஆக்கள் போற இடம்” என்று சொல்லி, நோவோடு வீட்டிலிருக்கும் பெண்களை இன்றும் கிளினிக்கில் காண்கிறோம், பெரும்பாலும் பிந்தித்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, நாளை இராமநாதன் வீதிப் பக்கம் போவோம். அன்று புள்ளி கிடைக்காத தோழியையும் கையோடு கூட்டி வாருங்கள்.