காதில் குழாய் வைத்த பிள்ளையும் நீச்சல் குளமும்

(திருமுடிவாக்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கேட்பியல் துறைச் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்கூல் லீவு விட்டாகிவிட்டது. வெயிலும் தாங்க முடியவில்லை. இந்த நாட்களில் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். போன வாரம் ஒரு சகோதரி கேட்டார்: "மேடம், பையனுக்குக் காதுல குழாய் வச்சு நாலு மாசமாகுது. எங்க அபார்ட்மெண்ட்ல எல்லாப் பிள்ளைகளும் நீச்சல் கத்துக்குறாங்க. இவன் மட்டும் கரையில உட்கார்ந்து அழுவுறான். தண்ணியில விடலாமா, கூடாதா?"

இந்தக் கேள்விக்கு நானே ஒரு காலத்தில் தவறான பதிலைப் பிடித்துக்கொண்டு இருந்தவள். அதனால்தான் இங்கே பேச ஒப்புக்கொண்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் குழாய் எதற்கு என்று பார்ப்போம். இங்கே சிலருக்கு அது தெரியும், சிலருக்குப் புதிது.

காது ஜவ்வுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கிறது. அதில் காற்று இருக்க வேண்டும். அந்தக் காற்று மூக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழல் வழியாகப் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கும். சளி பிடித்தால், மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வீங்கினால், குழல் அடைத்துக்கொள்ளும். காற்று போகாத அறையில் நீர் கோத்துக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு அது கோந்து மாதிரி கெட்டியாகிவிடும். வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சல் இருக்காது. பிள்ளைக்குக் காது மந்தமாகியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு விரலால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் இது தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், டி.வி. சத்தத்தை மட்டும் கூட்டி வைக்கிறான். ஸ்கூலில் "கவனம் இல்லை" என்பார்கள். மதரஸாவில் ஸீனும் ஸாதும் பிரித்து ஓத வராது. ஹஸ்ரத் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தும் பிள்ளை பழையபடியே ஓதும். சொல்வது காதில் சரியாக விழுந்தால்தானே நாக்கில் சரியாக வரும்? அடி வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

1997இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் 284 பிள்ளைகளைச் சோதித்ததில், 100க்குச் சுமார் 12 பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரை "மக்கு" என்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்குள் ஓர் எண்ணம் வரும்.

நடுக்காதில் சேர்ந்த நீர் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கி, கேட்பதும் குறைந்திருந்தால்தான் குழாயைப் பற்றி டாக்டர் பேசுவார். ஜவ்வில் சின்னக் கீறல் போட்டு, நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பொத்தான் போன்ற ஒரு குழாயைப் பொருத்துவார்கள். க்ரோமெட் என்பது இதைத்தான். அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் 1954இல் இந்த முறையைக் கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுத்துச் செய்தாலும் கால் மணி நேர வேலை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் ஜவ்வே அதை வெளியே தள்ளிவிடும். அதுவரை அந்தத் துளை வழியாகக் காற்று போகும், பிள்ளைக்குக் கேட்கும்.

காற்று போகிற துளையில் தண்ணீரும் போகாதா? உங்கள் பயம் அதுதான், நியாயமான பயம். ஆனால் அந்தத் துளை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அவ்வளவு சிறிய வாயில் தண்ணீர் தானாக நுழையாது. இலைமேல் தண்ணீர் முத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைப்போல் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தடுத்து நிறுத்தும். இரண்டு காரணங்களால் இந்தத் தடுப்பு உடையும். ஒன்று அழுத்தம். பிள்ளை குதித்தாலோ, முங்கி ஆழத்துக்குப் போனாலோ தண்ணீர் உள்ளே தள்ளப்படும். இன்னொன்று சோப்பு. சோப்பும் ஷாம்பூவும் அந்த இழுவிசையைக் குறைத்துவிடும். நாம் நீச்சல் குளத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் வாளித் தண்ணீரில் ஷாம்பூ நுரையோடு தலையைக் குனிய வைத்து மொண்டு ஊற்றுகிறோமே, காதுக்கு அதுதான் கூடுதல் கவலை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழாய் வைத்த 201 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் காது அடைப்பான் போட்டார்கள். மற்றவர்களுக்குப் போடவில்லை. அடைப்பான் போட்டவர்களில் 100க்கு 47 பேருக்கு ஒரு தடவையாவது காது ஒழுகியது. போடாதவர்களில் 56 பேருக்கு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிறியது. ஒரே ஒரு தடவை ஒழுகுவதைத் தடுக்க ஒரு பிள்ளை ஏறக்குறைய மூன்று வருடம் அடைப்பான் போட வேண்டியிருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். குழாயே அத்தனை நாள் காதில் தங்காது! இதையெல்லாம் பார்த்துவிட்டு 2013இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு, குழாய் வைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அடைப்பானோ நீச்சல் தடையோ வழக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று வழிகாட்டுதல் கொடுத்தது. 2022இல் புதுப்பித்தபோதும் அதே நிலைதான்.

சகோதரிகளே, இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எந்தத் தண்ணீரிலும் இறக்கிவிடாதீர்கள். அந்த ஆய்வுகள் சுத்தமான தண்ணீரை மனதில் வைத்துப் பேசுகின்றன. நம் பக்கத்துத் தண்ணீர் வேறு.

குளோரின் போட்டுப் பராமரிக்கும் குளம் என்றால் பெரிய பயமில்லை. அபார்ட்மெண்ட் குளமானாலும், வேளச்சேரியில் இருக்கும் அரசு நீச்சல் வளாகமானாலும், தினமும் குளோரின் அளவு பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். தண்ணீர் கலங்கி, தரையில் போட்ட கோடு தெரியாமல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அந்தக் குளம் குழாய் வைக்காத பிள்ளைக்கும் ஆகாது. ஏரி, கிணறு, குவாரிக் குட்டை, அடையாற்றுத் தண்ணீர் இவற்றில் குழாய் இருக்கும்வரை தலை நனைய வேண்டாம். சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்களே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அதைச் செம்பரம்பாக்கம் நிலையத்தில் சுத்திகரித்துத்தான் கொடுத்தார்கள் என்று சொன்னேன். கோவளம் போனால் காலை நனைத்துக்கொள்ளட்டும். அலை முகத்தில் அடிக்கும் இடத்துக்கு அடைப்பான் இல்லாமல் போக வேண்டாம்.

சுத்தமான குளத்திலும் சில பிள்ளைகளுக்கு அடைப்பான் வேண்டும். தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு தடவையும் காது ஒழுகுகிற பிள்ளைக்கு, தண்ணீர் பட்டால் வலிக்கிறது என்கிற பிள்ளைக்கு, ஆறு அடிக்குக் கீழே முங்குகிற பிள்ளைக்கு. குளிர்ந்த தண்ணீர் துளை வழியாக உள்ளே போனால் சிலருக்குத் தலை சுற்றும். ஆழத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் குழாய் இருக்கும்வரை குதிப்பது, முங்கிக் காசு எடுப்பது இதெல்லாம் வேண்டாம். மேலாக நீந்தக் கற்றுக்கொள்ளட்டும்.

அடைப்பான் வாங்கும்போது கவனியுங்கள். சத்தத்துக்காகப் போடும் பஞ்சு மாதிரியான ஃபோம் அடைப்பான் தண்ணீரை உறிஞ்சும், அது உதவாது. மென்மையான சிலிக்கான் அடைப்பான் பரவாயில்லை. அதைக் காதின் வாயில் மூடி மாதிரி வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். மேலே நீச்சல் தொப்பியோ பட்டையோ போட்டால் கழன்று போகாது. காது அளவெடுத்துச் செய்துகொள்வதென்றால், அளவெடுப்பவரிடம் பிள்ளைக்குக் குழாய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அச்சுப் பசை உள்ளே போகாமல் தடுப்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அடைப்பானை வாயில் போட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: அடைப்பான் போட்ட பிள்ளைக்குக் கோச் கூப்பிடுவது கேட்காது. "வெளியே வா" என்பதற்குக் கையால் ஒரு சைகை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் குளியலுக்கு அடைப்பான் வேண்டாம். தலைக்கு ஊற்றும் நாளில் பஞ்சில் வாஸ்லின் தடவிக் காது வாயில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து அலசிவிடுங்கள். குளித்த பின் துண்டின் நுனியால் வெளியே மட்டும் துடையுங்கள். பட்ஸ் வேண்டவே வேண்டாம்.

உளூவைப் பற்றி இங்கே கேட்டார்கள். உளூவில் காதை ஈர விரலால் மஸஹ் செய்கிறோம், உள்ளே தண்ணீர் ஊற்றுவதில்லை. அதனால் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. பேரனுக்குக் குழாய் வைத்த நாளிலிருந்து ஆறு மாதம் தயம்மும் செய்ய வைத்த ஒரு நன்னியை எனக்குத் தெரியும்! பாசம்தான், வேறென்ன. மார்க்கச் சட்டத்தை ஹஸ்ரத்மார்களிடம் கேளுங்கள், நான் காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நன்னிமார்களுக்கு இன்னொரு வேண்டுகோள். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். பூண்டு தட்டிப் போட்ட எண்ணெய், தாய்ப்பால், எதுவும் வேண்டாம். முன்பு ஜவ்வு மூடியிருந்தது, ஊற்றியது வெளியே நின்றது. இப்போது அங்கே வாசல் இருக்கிறது. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் அப்படித்தான். ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்து உள்காது நரம்பைக் கெடுக்கக் கூடியது. குழாய் இருக்கிறது என்று சொல்லி, டாக்டர் எழுதியதை மட்டும் போடுங்கள்.

காது ஒழுகினால் பதற வேண்டாம். அடைபட்டு நின்றால்தான் வலி, வெளியே வருவது குழாய் வேலை செய்வதன் அடையாளம். ஆனால் அன்றிலிருந்து காய்கிறவரை நீச்சல் கிடையாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். இதற்குப் பெரும்பாலும் மாத்திரையைவிடக் காதுச் சொட்டு மருந்தே நன்றாக வேலை செய்கிறது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சொட்டு விட்டு, காதுக்கு முன்னால் இருக்கும் சிறு மடலை நாலைந்து தடவை அமுக்கிவிடுங்கள். அப்போதுதான் மருந்து துளை வழியாக உள்ளே போகும். அமுக்காமல் விட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்று வருகிறார்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வருடக்கணக்கில் சீழ் வடிந்து ஜவ்வில் ஓட்டை விழுந்த பிள்ளை வேறு, குழாய் வைத்த பிள்ளை வேறு. நான் இதுவரை சொன்ன சலுகை எதுவும் அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. அந்தக் காது நனையவே கூடாது, சிகிச்சை முடியும்வரை.

இனி என் கதை. என் மகனுக்கு ஐந்து வயதில் இரண்டு காதிலும் குழாய் வைத்தோம். நீச்சலே கூடாது என்று அப்போது எங்களுக்குச் சொன்னார்கள். நான் இந்தத் துறையில் இருந்தும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வருடத்தில் குழாய் விழுந்துவிட்டது, ஜவ்வும் மூடிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். என் பயம் மட்டும் விழவில்லை. அவன் அத்தா கூப்பிட்டாலும் "வேணாங்க, காது" என்பேன். மச்சான் பிள்ளைகளெல்லாம் நீந்துவார்கள், இவன் சட்டை துணிகளுக்குக் காவல்.

பத்து வயதில், ஒரு பெருநாள் மறுநாள், பையன்களோடு சைக்கிளில் போனான். எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. எருமையூர், திரிசூலம் என்று நம்மைச் சுற்றி எத்தனை பழைய கல் குவாரிகள் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஏரி மாதிரி அதற்குச் சரிவான கரை கிடையாது. ஓர் அடி வைத்தால் பாறை, அடுத்த அடியில் நாலு ஆள் ஆழம். கால் வழுக்கி உள்ளே போனவனை, கூட இருந்த பெரிய பையன் ஒருவன் புதுச் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறான். பெருநாளுக்கு எடுத்த சட்டை கிழிந்து வந்து நின்றான். நான் முதலில் சட்டைக்காகத்தான் திட்டினேன்.

அடுத்த மாதமே நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். அதனால்தான் அந்தச் சகோதரிக்கு நான் இப்படிச் சொன்னேன்: "உங்க டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள் கழிச்சு தண்ணியில விடலாம், இவனுக்கு அடைப்பான் வேணுமா, ஜவ்வுல வேற ஏதாவது பிரச்சினை இருக்கா? அவர் கூடாதுன்னு சொன்னா ஏன்னு கேளுங்க, எதுவரைக்கும்னு கேளுங்க." சில டாக்டர்கள் இன்றைக்கும் முழுத் தடை சொல்வார்கள். உங்கள் பிள்ளையின் காதைப் பார்த்தவர் அவர், காரணம் இருக்கலாம். என் பேச்சைக் கேட்டு அவர் பேச்சை மீறாதீர்கள். ஆனால் அந்தத் தடைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கட்டும்.

செலவைப் பற்றித் தயங்குகிறவர்கள், ஸ்கூலுக்கும் அங்கன்வாடிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடம் பிள்ளையின் காதைக் காட்டுங்கள். 18 வயதுவரை பார்ப்பார்கள், காது நோயும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இரண்டும் நமக்கு எட்டும் தூரம்தான்.

பிள்ளையின் பழைய ரிப்போர்ட் கையில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் இருங்கள், அஸர் பாங்குக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.