மூன்று முட்டைகளும் ஒரு மரமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கப் பாடலையும் புதுக்கவிதையையும் பேசிப் பழகிய இம்மேடையில் இன்று ஒரு சிறுவர் திரைப்படத்தின் தொடக்கக் காட்சிகளை எடுத்துக்கொள்கிறேன். படம், மணிகண்டன் எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய ‘காக்கா முட்டை’. 2014இல் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2015 சூன் திங்களில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த சிறுவர் படத்திற்கான தேசிய விருதும், அதில் நடித்த சிறுவர் இருவர்க்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்திற்கான தேசிய விருதும் கிடைத்தன.

சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றில் வாழும் அண்ணன் தம்பியரின் கதை இது. தந்தை சிறையில் இருக்கிறார். தாயும் பாட்டியும் வீட்டைத் தாங்குகிறார்கள். இப்பின்னணியைக் கேட்டதும் ஒரு புலம்பலை எதிர்பார்ப்போம். படமோ அவ்வாறு தொடங்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பகுப்பு நமக்கு உதவுகிறது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். படத்தின் பொழுது இரவு. நிலம், குடும்பம் முழுதும் ஒருங்கே உறங்கும் சிற்றில். தம்பி உறக்கத்திலேயே படுக்கையை நனைத்துவிட்டு விழித்துக்கொள்கிறான். வறுமையை விளக்க ஒரு குரலும் ஒலிக்கவில்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் நேரக்கூடிய ஒரு கூச்சத்தோடு கதை தொடங்குகிறது. ஆகவே நாம் முதலில் காண்பது ஒரு பிள்ளையை. ஏழைப் பிள்ளை என்பது பிறகே நம் கருத்தில் படுகிறது. இவ்வரிசை மாறியிருந்தால் படமே மாறியிருக்கும்.

அடுத்து மரம். அதில் காக்கைக் கூடு. கூட்டில் மூன்று முட்டைகள். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு, மூன்றாவது காக்கைக்கு. கோழி முட்டை வாங்க வகையற்ற பிள்ளைகள், திருடும் இடத்திலும் உரியவளுக்குப் பங்கு வைத்துவிட்டு இறங்குகிறார்கள். படத்தின் அறம் முழுவதும் இந்தப் பங்கீட்டில் அடங்கியிருக்கிறது.

காக்கைக்கும் தமிழுக்கும் உள்ள உறவை இவ்வவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. விருந்து வரக் கரைந்த காக்கைக்குச் சோறிடுவதைப் பாடியதால் நச்செள்ளையார் ‘காக்கைபாடினியார்’ ஆனார். தான் பாடிய பொருளே ஒரு புலவர்க்குப் பெயராயிற்று. இப்பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அவர்களைப் பெரிய காக்கா முட்டை, சின்னக் காக்கா முட்டை என்றே அறிகிறோம். பிறர் இகழக்கூடிய ஒரு செயலைத் தம் பெயராக அவர்கள் தலைநிமிர்ந்து சூடிக்கொள்கிறார்கள்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) தொடக்கத்தில் சிறுமி துர்க்கா தோப்பிலிருந்து கொய்யாப்பழம் எடுத்து வந்து, முதிய அத்தைக்காக ஒளித்து வைப்பாள். அங்கும் எடுத்தது பகிர்வதற்கே. இரு படங்களிலும் குழந்தையின் கை எடுக்கிறது. அதே கை கொடுக்கவும் செய்கிறது.

பின்னர் தொழில். சரக்கு வண்டியிலிருந்து இருப்புப்பாதை ஓரம் சிந்திய கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். அவர்களுக்குத் துணை நிற்கும் பழரசம் என்னும் இருப்புப்பாதைத் தொழிலாளியாக நடித்தவர் கவிஞர் ஜோ மல்லூரி என்பதில் நமக்கொரு மகிழ்ச்சி. இச்சில காட்சிகளுக்குள் உணவு, மரம், புள், தொழில் என்று கருப்பொருள்கள் முறையாக வந்து அமைந்துவிடுகின்றன. ஒரு திணை உருவாகிவிடுகிறது.

அதன் பின்னரே மரம் வெட்டப்படுகிறது. அந்த இடத்தில் பீட்சா கடை எழுகிறது. ஏறத்தாழ 300 ரூபாய் பெறும் அந்தப் பண்டத்தை ஒருமுறை உண்டு பார்க்கும் ஆசையே எஞ்சிய கதை. மரத்தையும் முட்டையையும் முன்பே நாம் காணாதிருந்தால், கடை வெறும் கடையாகவே தோன்றியிருக்கும். அவற்றைக் கண்டுவிட்டதால், அங்கே சாய்ந்தது ஒரு மரம் மட்டுமன்று, பிள்ளைகளின் திணையே என்று உணர்கிறோம். உள்ளதைக் காட்டிய பின் இழந்ததைக் காட்டு என்பதே இப்படம் நமக்குச் சொல்லும் இலக்கணம்.

நம் பகுதிக்கு வருவோம். கரியின் கதை நமக்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூள் இராயபுரத்து வீடுகளில் படிந்த காலம் உண்டு. உயர் நீதிமன்ற ஆணையால் 2011இல் அது அங்கே நின்றது. நின்ற கரி எண்ணூர் சேர்ந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்துள்ளது. நெய்தல் என்று நாம் பாடும் நிலம் இதுவே.

நாமோ நம் கவிதைகளில் புகைக்கூண்டையும் கண்ணீரையும் முதலடியிலேயே வைத்துவிடுகிறோம். படிப்பவர் இரங்குகிறார், ஆனால் இழந்தது எதுவென்று அறியாமல் இரங்குகிறார். கழிமுகத்தின் இறாலும் நண்டும், அவற்றைக் கைகளால் தடவிப் பிடிப்போரின் தொழில்நுட்பமும், அலையாத்தி மரமும், கரையில் வந்திறங்கும் பறவையும் முதலில் பெயரோடு வரட்டும். சாம்பல் பிறகு வரட்டும். இரக்கம் தேடும் கவிதை நம் மக்களைச் சிறுமைப்படுத்திவிடும். அவர்களிடம் இருந்ததைச் சொல்லும் கவிதையோ கணக்குக் கேட்கும்.

மூன்றாவது முட்டையைக் காக்கைக்கு விட்டுவைத்த பிள்ளைகளின் நேர்மை நம் எழுத்துக்கும் வாய்க்கட்டும். இவ்வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க என வாழ்த்தி விடைபெறுகிறேன்.