ஒரு குழுவின் இறங்குமுகம்



ஒரு கலைக்குழுவின் புகழ் எப்போது சரியத் தொடங்கிற்று என்று சுட்டிக் காட்டுவது அரிது. எனினும், அமெரிக்க நாட்டு ‘மங்கீஸ்’ குழுவைப் பொறுத்தவரை, 1968 ஏப்ரலில் வெளிவந்த ‘தி பேர்ட்ஸ், தி பீஸ் அண்ட் தி மங்கீஸ்’ என்னும் இசைத்தட்டை அவ்வாறு சுட்டலாம்.

இது தானாகக் கூடிய குழு அன்று. டேவி ஜோன்ஸ், மிக்கி டோலன்ஸ், மைக்கேல் நெஸ்மித், பீட்டர் டார்க் ஆகிய நால்வரும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1966 செப்டம்பரில் அத்தொடர் தொடங்கியது. முதலிரு தட்டுகளில் பாடியவர்கள் இவர்கள். கருவிகளை வாசித்தவர்களோ பெரும்பாலும் வேறு கலைஞர்கள். பாடல்களைத் தெரிவு செய்யும் அதிகாரம் டான் கிர்ஷ்னர் என்பவரிடம் இருந்தது. நெஸ்மித் முதலியோர் இதனை எதிர்த்தனர். 1967இன் தொடக்கத்தில் கிர்ஷ்னர் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ தட்டில் நால்வரும் ஒன்றாக அமர்ந்து தாமே வாசித்தனர். முதல் நான்கு தட்டுகளும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

ஐந்தாவது தட்டு மூன்றாம் இடத்தோடு நின்றது. மூன்றாம் இடம் இழிவா என்று கேட்பீர்கள். இழிவன்று, ஆனால் அடித்தளம் அசைந்துவிட்டது. தொடரின் புதிய பகுதிகள் 1968 மார்ச்சோடு முடிந்தன. வாரந்தோறும் பாடல்களை வீடுகளுக்குள் கொண்டுசென்ற வாயில் அடைபட்டது. மேலும், நால்வரும் தனித்தனியே தத்தம் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தனர். தயாரித்தது மங்கீஸ் என்று உறை கூறிற்று; உள்ளே குழு இல்லை. ‘டேட்ரீம் பிலீவர்’ பாடலில் ஒலிக்கும் பியானோவோடு டார்க்கின் பங்கு முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த ‘ஹெட்’ திரைப்படம் தோல்வியுற்றது. அதன் இசைத்தட்டு 45ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆண்டிறுதியில் டார்க் விலகினார்.

செயற்கையாக அமைந்த குழு, ஆகவே வீழ்ந்தது என்பார் உளர். அக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை. 1986இல் பழைய தொடர் மறுபடியும் ஒளிபரப்பானபோது, புதிய தலைமுறை அப்பாடல்களை விரும்பி வாங்கியது. பாடல்களில் உயிர் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? உரிமை கேட்கும்போது ஒன்றாய் நின்றவர்கள், அது கைக்கு வந்தபின் ஆளுக்கொரு திசையில் சென்றனர். பல்லாண்டுகள் தலைமையாசிரியராய் இருந்த நான், மாணவர் மன்றங்களிலும் இதனைக் கண்டதுண்டு. வெளியார் அடைத்த வாயிலைத் திறப்பது நம் கையில் இல்லை. கூடி அமர்வது நம் கையில் உள்ளது.

வாய்ப்புக் கிடைத்தால் ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ தட்டையும் இந்த ஐந்தாம் தட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேற்றுமை உங்கள் செவிக்கே புலப்படும்.