வீட்டுக்கு ஓர் எண்



சென்ற விடுமுறையில் சிங்கப்பூர் போயிருந்தேன். லிட்டில் இந்தியாவில் உறவினர் வீட்டைத் தேடினேன். கையிலிருந்த கடிதத்தில் ஆறு இலக்கத் தபால் எண் மட்டுமே தெளிவாக இருந்தது. சிராங்கூன் சாலைக் கடைக்காரத் தம்பி அதைக் கைத்தொலைபேசியில் தட்டினார். அந்தக் கட்டடமே வரைபடத்தில் வந்து நின்றது. 1995 முதல் அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண் உண்டு. 2010இல் சிங்கப்பூர் நில ஆணையம் 'ஒன்மேப்' என்னும் வரைபடத்தையும் தொடங்கியது.

நம் லயங்கள் பலவற்றுக்கு அப்படி எண் ஏது? கடிதம் தோட்டக் கந்தோருக்கு வருகிறது. நள்ளிரவில் பிள்ளைத்தாய்ச்சிக்கு அம்புலன்ஸ் கூப்பிட்டால், வழிகாட்ட ஒருவர் பெரிய ரோட்டுக்கு ஓட வேண்டும். மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்தபோது, புதைந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது.

படித்த நம் பிள்ளைகளே இதற்கு ஓர் இட ஏடு தயாரிக்கலாம். ஒரு பழைய கணினி போதும். லினக்ஸ் இலவசம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமும், இடங்களைக் கணக்கிட 2001இல் கனடாவில் உருவான போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் இணைப்பும் இலவசமே. இரண்டையும் நிறுவியதோடு வேலை முடியாது. புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு தரவுத்தளத்துக்குள்ளும் அந்த இணைப்பை ஒரு வரிக் கட்டளையால் இயக்க வேண்டும். இதை மறப்பவர் பலர்.

பிறகு ஓர் அட்டவணை: லயத்தின் பெயர், ஆட்களின் தொகை, கைத்தொலைபேசி காட்டும் இடம். நெட்டாங்கை முதலிலும் அகலாங்கைப் பின்னும் எழுதுங்கள். மாற்றி எழுதினால் நம் லயம் வடதுருவக் கடலில் போய் விழும்! இடத்தை 'ஜியோகிரஃபி' வகையாக வைத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும்.

கங்காணி ஓர் ஆளைத் தேடித் தோட்டம் முழுவதும் நடப்பதில்லை. இன்று எந்த மலையில் கொழுந்து என்று கேட்டு நேரே போவார். அட்டவணைக்கு 'இட அகரவரிசை' ஒன்று அமைத்தால் கணினியும் அப்படியே தேடும். சரிவிலிருந்து 100 மீட்டருக்குள் எத்தனை லயம், எத்தனை பேர் என்று கேட்டால் நொடியில் சொல்லும்.

ஒன்றை மறவாதீர்கள். ஏட்டின் பிரதி ஒன்று தோட்டத்துக்கு வெளியே, பட்டணத்தில் இருக்கட்டும். மலை சரியும் நாளில் தோட்டத்து ஏடும் மண்ணுக்குள் போய்விடக்கூடும் அல்லவா?